மழையில் தொய்யாத தோல்

கும்மிடிப்பூண்டி
22.06.2025

பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த ஷைனி அக்கா சமூகத்துக்கு,

முக்கிய அறிவிப்பு. கர்த்தருடைய அளவற்ற கிருபையால், நேற்று மாலை செல்வன் அன்புவின் வலது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலின் அடிவாரத்தில், கொப்புளம் ஒன்று சுகமாகப் பிறந்திருக்கிறது. தாய்க்கையும் சேயும் நலம். சேய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. சிபாரிசுகள் வரவேற்கப்படும். ஊசியோடு வருகிறவர்கள் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள்.

நாங்கள் அனைவரும் சுகம். நீயும், உன் விடுதிச் சாம்பாரில் நீந்தும் அந்த ஒற்றை முருங்கைக்காயும் சுகமா? போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவோடு மட்டும் பேச விடுகிறார்களாமே. சித்தப்பா மகனுக்கு அந்த லைனில் இடமில்லை. ஆகையால் தபால்துறை பிழைத்துப்போகட்டும் என்று பேனாவை எடுத்திருக்கிறேன்.

உன் ஜெம்பே முரசு எங்கள் வீட்டு பீரோவுக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நீ பஸ் ஏறும்போது சொன்னாயே, "டேய், கிறிஸ்மஸுக்கு நான் வர்ற வரைக்கும் இத வாசிச்சிகினே இரு. சும்மா வச்சா சத்தம் செத்துப்பூடும்" என்று. சாகவிடவில்லை. தினம் சாயங்காலம் அடி கொடுக்கிறேன், பிறகு அப்பாவிடம் அடி வாங்குகிறேன். கணக்கு நேராகிவிடுகிறது.

நேற்று அப்பா பாயிலிருந்து எழுந்து வந்து, "நைட் ஷிஃப்ட் முட்ச்சிட்டு வந்து இப்பதான் படுத்துகினு கீறேன். கம்பெனில மிஷின் சத்தம், ஊட்ல உன் சத்தம். நான் இன்னா சுடுகாட்லயா போய்த் தூங்கறது?" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து, "ஷைனி சொல்லிட்டுப் போயிருக்கா, அவன் வாசிப்பான். நீ காதுல பஞ்ச வச்சிகினு படு" என்றாள். மெர்சி என்று பெயர் வைத்திருக்கும் அம்மாவுக்கு உன் விஷயத்தில்தான் மெர்சி. என் விஷயத்தில் துடைப்பம்.

கையோ பிரமாதமாகப் பேசுகிறது. ஜெம்பே வாசிக்கிறவனுக்குக் கொஞ்சம் ஜம்பம் இருக்கத்தான் செய்யும், மன்னித்துக்கொள்.

இப்படிக்கு,
கொப்புளத்தின் தகப்பன்
அன்பு

*

பள்ளி விடுதி, நாமக்கல்
06.07.2025

டேய் அன்பு,

நான் நலம். உன் நலத்தைக் கேட்கவில்லை, அது கடிதம் முழுக்கத் துள்ளுகிறது. சித்தியும் சித்தப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? சித்திக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே வரும் கடிதங்களை வார்டன் மேடம் படித்துவிட்டுத்தான் தருவார். உன்னுடையதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டே நீட்டினார். அந்தக் கொப்புளத்துக்கு நான் வைக்கும் பெயர் "தப்பு". விரல் அடியில் கொப்புளம் வந்தால் நீ தோலை அடிக்கவில்லை, மர விளிம்பை அடிக்கிறாய் என்று அர்த்தம். கையை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோ. விரல் சேரும் மேடுதான் விளிம்பில் படவேண்டும், எலும்பு இல்லை.

முதலில் பாஸ், அந்தக் கனத்த சத்தம். நடுவில், உள்ளங்கை முழுதாக. பட்டதும் கையை எடுத்துவிடு, சூடான தோசைக்கல்லைத் தொட்டவன் மாதிரி. அமுக்கினால் சத்தம் உள்ளேயே நின்றுவிடும். அடுத்து டோன். விரல்களைச் சேர்த்து, ஓரத்தில். ஸ்லாப், அந்தச் சுரீர் சத்தம், உனக்கு இப்போது வேண்டாம். அது பலத்தில் வராது, தளர்ந்த விரலில்தான் வரும். நீ எதையும் தளர்த்திச் செய்ததில்லை.

உனக்கு இதெல்லாம் விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. அப்பா கம்பெனிக் குடும்ப விழாவில் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு ஆப்பிரிக்கக் கைமுரசு கொடுத்தார்களே, உனக்கு நினைவிருக்கும். முடிந்ததும் சொல்லித்தர வந்தவர் என்னைக் கைகாட்டி, "இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு கொடுத்துடுங்க" என்றார். மேடையில் அப்பா கையில்தான் கொடுத்தார்கள், ஊழியர் அவர் என்பதால். ஆனால் அது எனக்குக் கிடைத்தது. நானாகச் சம்பாதித்த ஒரே பொருள்.

கிறிஸ்மஸ் காலை ஆராதனையில் பவனிப் பாட்டுக்கு நான்தான் வாசிப்பது என்று நம் கோயில் பாடகர் குழு மோசஸ் அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். இங்கே காலை முதல் இரவு வரை உயிரியல், வேதியியல். அந்த ஒரு பாட்டை நினைத்துத்தான் நாளை ஓட்டுகிறேன். அதனால் ஒழுங்காகப் பார்த்துக்கொள்.

தண்ணீர் நிறையக் குடி. ஊசியால் குத்தாதே, தானே அடங்கும்.

அக்கா
ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
27.07.2025

தொலைதூரத் தோல் வைத்தியர் ஷைனி அவர்களுக்கு,

சளி ஒன்றைத் தவிர வேறு குறையில்லாத தம்பி எழுதுவது. அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறதாம். உனக்கு ஜுரம் கிரம் ஒன்றும் இல்லையே?

"தப்பு" அமரரானான். நீ சொன்னபடி கையை உள்ளே தள்ளினேன். ஒரே வாரத்தில் பாஸ் வந்துவிட்டது. எப்படிப்பட்ட பாஸ்? சிப்காட் ரோட்டில் லோடு லாரி பள்ளத்தில் இறங்கினால் வீட்டுத் தட்டெல்லாம் அதிருமே, அப்படிப்பட்ட பாஸ். பக்கத்து வீட்டு கல்பனா அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடா, சிலிண்டரு கிலிண்டரு உருட்றியா?" என்று கேட்டாள். இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

ஆனால் இடது கை ஒத்துழைக்க மறுக்கிறது. வலது கை ஆபீசர், இடது கை கான்ட்ராக்ட் லேபர் மாதிரி. ஒன்று அடித்தால் மற்றது வேடிக்கை பார்க்கிறது. இடது கைக்கு இட ஒதுக்கீடு ஏதாவது உண்டா?

மோசஸ் அண்ணனைக் கோயிலில் பார்த்தேன். "ஷைனி எப்ப வருது?" என்று கேட்டார். "உங்க கிறிஸ்மஸ் கேக்குக்கு முன்னாடியே வந்துடும்" என்றேன். தலையில் தட்டினார். அது பாஸா டோனா என்று கேட்டேன். இன்னொன்று தட்டிவிட்டு, "இதான் ஸ்லாப்பு" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வார்டன் மேடத்துக்கும் என் ஸ்தோத்திரம்.

அன்பு

*

பள்ளி விடுதி, நாமக்கல்
17.08.2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். இரண்டு நாள் தலைவலி இருந்தது, போய்விட்டது. உன் கடிதத்தை ஆறு பேர் வாங்கிப் படித்தார்கள். "ஒன் தம்பி லூசா?" என்று ஒருத்தி கேட்டாள். உறவினர் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

இடது கைக்கு ஒதுக்கீடு கிடையாது, வேலைதான் உண்டு. எந்தத் தாளத்தையும் இடது கையிலேயே ஆரம்பி. கதவை இடது கையால் திற, குடத்தை இடது கையால் தூக்கு. முக்கியமாக, வலது கையின் சத்தத்தைக் குறைத்து இடது கையின் உயரத்துக்குக் கொண்டுவா. நீ தலைகீழாகச் செய்வாய், இடது கையைப் போட்டு அடிப்பாய். தோளிலிருந்து அடிக்காதே. மணிக்கட்டிலிருந்து.

எனக்கு இங்கே டிரங்குப் பெட்டிதான் ஜெம்பே. மூடிமேல் துண்டை மடித்துப் போட்டு, சத்தம் வராமல் விரலை மட்டும் பழக்குகிறேன். ஸ்லாப்புக்கு விரல் எப்படி விழவேண்டும் என்பது சத்தமே இல்லாமல் பழகும்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே இருந்தபோது சத்தத்தில் மயங்கிக் கையைக் கவனிக்கவே இல்லை. ஊருக்கு வந்து நிஜத் தோலில் கையை வைக்கும்போது என்ன வரும் என்று நினைத்தாலே உள்ளங்கை குறுகுறுக்கிறது.

இந்தமுறை ஸ்லாப்பையும் ஆரம்பி. விரல்களைத் தளர விடு. ஈரக் கையை உதறுவாய் அல்லவா, அந்த மாதிரி. நுனி மட்டும் தோலைச் சொடுக்கிவிட்டு வரவேண்டும்.

அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிவிட்டவர் சித்தி. அவரை முழங்காலோடு தண்ணீர்க் குடம் தூக்க விடாதே. இடது கைக்கு அதுவும் பயிற்சிதான்.

ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
28.09.2025

அக்கா,

எல்லோரும் சுகம். நீ சுகமா? பதில் தாமதமானதற்குக் காலாண்டுத் தேர்வு காரணம். கணக்கில் நான் தேறினால் அது கர்த்தர் செய்த அற்புதம், தேறாவிட்டால் வாத்தியார் செய்த சதி.

போன ஞாயிறு நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை. வாசலில் வாழைக்குலை, கரும்பு. பாஸ்டர் ஐயா பிரசங்கத்தை நீட்டியதில் பூசணிக்காயே ஒரு சுற்று வளர்ந்திருக்கும். பிறகு காணிக்கைப் பொருள்களை வழக்கம்போல ஏலம் விட்டார்கள். மைக் மோசஸ் அண்ணன் கையில். ஒரு சேவல் நடுவிலேயே கயிற்றை அறுத்துக்கொண்டு பாடகர் குழுவுக்குள் ஓடிப்போய் நின்றது. ஏஞ்சல் அக்கா பாடுவதைவிட அது சுதியாக இருந்தது என்று சிலர் கருத்து.

இப்போது கவனமாகப் படி. மோசஸ் அண்ணன் மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போய் வாசித்தேன். சபைக்கு எதிரே, நடுவில், ஒற்றை ஆளாக. பாஸ், டோன், ஸ்லாப், நீ சொன்ன எல்லாமே. இடது கையிலேயே ஆரம்பித்தேன். ஸ்லாப் பட்டாசு மாதிரி வெடித்தது. முடிந்ததும் சபையே எழுந்து கை தட்டியது. பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம், கைக்குழந்தைகள்கூட. சும்மா சொல்லவில்லை, யாரை வேண்டுமானாலும் கேள்.

வேண்டாம், கேட்காதே. பெருமை பாவம்.

நன்றாகப் படி, நன்றாகச் சாப்பிடு.

அன்பு

*

பள்ளி விடுதி, நாமக்கல்
12.10.2025

அன்பு கண்ணு,

நலமாக இருக்கிறாயா? எனக்கு ஒன்றுமில்லை. பொறாமை ஒன்றுதான், அதற்கு மாத்திரை கிடையாது.

நிஜமாகவே தட்டினார்களா? ஸ்லாப் வந்ததா? என் முதல் ஸ்லாப்புக்கு ஒரு வருஷம் ஆனது, உனக்கு ஒரு மாதத்தில் வந்துவிட்டதே, ராஸ்கல். வார்டன் மேடத்திடம் நானே போய், "இது என் தம்பி" என்று சொன்னேன். உறவினர் என்று சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டேன்.

எந்தத் தாளம் வாசித்தாய்? உட்கார்ந்தா, நின்றா? ஜெம்பேயை முன்பக்கம் சாய்த்தாயா? அடிவாய் தரையில் அடைந்து இருந்தால் பாஸ் வெளியே வராது, அதைச் சொல்ல மறந்திருந்தேன். உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஜெம்பே எப்படி இருந்தது என்று மட்டும் இல்லை. ஏஞ்சலும் ஒரு கடிதம் போட்டாள். அதில் முழுக்கக் கேக் பக்குவம்.

இனி மழைக்காலம். ஜாக்கிரதை. சுவரை ஒட்டி வைக்காதே, ஓதம் ஏறும். பழைய போர்வையால் மூடு. மழை நாளில் எப்படிச் சத்தம் வருகிறது என்று எனக்குக் கட்டாயம் எழுது. டிசம்பரில் வந்ததும் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டுமா என்று அதை வைத்துத்தான் தெரியும்.

கிறிஸ்மஸ் லீவு இருபதாம் தேதி விடுகிறார்கள். பெட்டிமேல் தட்டித் தட்டி என் கை தயாராக இருக்கிறது.

சித்திக்கு முத்தம்.

ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
16.11.2025

அக்காவுக்கு,

நலம். நலமா? மழை. தெருவில் தண்ணீர். தபால்காரர் நீந்தக் கற்றுக்கொண்டிருப்பதால் தாமதம். எனக்கும் நாலு நாள் ஜுரம்.

ஜெம்பே அருமையாக இருக்கிறது. மழையாவது கிழையாவது, சத்தம் கணீர் கணீரென்று வருகிறது. தோலுக்குத் தோல்வியே இல்லை. சாய்க்கவும் தேவைப்படவில்லை, நேராக வைத்தாலே நன்றாகப் பேசுகிறது. கவலைப்படாமல் படி. பரீட்சைதான் முக்கியம்.

பெரியப்பா சுகம். நம் வீட்டில் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள்.

அன்பு

*

பள்ளி விடுதி, நாமக்கல்
23.11.2025

அன்பு,

ஜுரம் விட்டதா?

அது ஆட்டுத்தோல். மழை ஈரத்தில் தொய்ந்துபோகும். போன நவம்பரில் நான் அதை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அனல் காட்டினேன், அப்போதும் ஈரத் துணியை அடித்த மாதிரிதான் சத்தம். நீ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஜெம்பேக்கு ஜலதோஷம்க்கா" என்றாய். நேராக வைத்தால் பாஸ் வராது என்பதும் வாசிக்கிற யாருக்கும் தெரியும்.

"பரீட்சைதான் முக்கியம்" என்று நீ இதுவரை எனக்கு எழுதியதில்லை. அது உன் வாக்கியம் இல்லை.

நீ வாசிப்பது என்னுடையது இல்லை. என் ஜெம்பே எங்கே?

ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
01.12.2025

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஷைனிக்கு,

அப்பா எட்வர்ட் எழுதுவது. தேவ கிருபையால் இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் முழங்காலில் நிற்கிறேன்.

அன்பு உன் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு எழுத வரல பெரிப்பா, நீங்களே எழுதுங்க" என்று நின்றான். போனில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆகவே இது.

நீ பன்னிரண்டாவதில் நல்லபடி தேறி நர்சிங்கில் சேரவேண்டும் என்று ஜூன் மாதமே பொருத்தனை செய்துகொண்டேன். பொருத்தனை என்றால் பிரியமான ஒன்றைப் படைக்க வேண்டும். எனக்கென்று பிரியமான பொருள் எதுவும் வீட்டில் இல்லை. உனக்கு இருந்தது. அறுப்பின் பண்டிகையில் அதைக் காணிக்கையாக வைத்தேன். கம்பெனியில் அதை என் கையில் கொடுத்தார்கள் என்பதால் எனக்கு உரிமை உண்டு என்று நினைத்தேன்.

நாம் படைத்ததை நாமே ஏலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வது நம் சபையில் வழக்கம்தான், நீ அறிவாய். பொருத்தனையும் நிறைவேறும், பொருளும் வீட்டுக்கு வரும். உன் சித்தி மெர்சி எடுத்துவிடுவதாகப் பேச்சு. அப்படி நடக்கவில்லை, பாதியில் கையை இறக்கிவிட்டாள். விருந்தினராக வந்திருந்த ஓட்டல்காரர் சுப்பிரமணி எடுத்துக்கொண்டார். எளாவூர் செக்போஸ்ட் பக்கம் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், கோயிலுக்கு அரிசி மூட்டை தந்தவர். திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை.

உன் படிப்பு கெடும் என்று, உனக்கு எழுதவேண்டாம் என அன்புவுக்கும் சபையாருக்கும் சொன்னது நான்தான். அவர்கள்மேல் குற்றமில்லை.

பாலும் முட்டையும் சாப்பிடு. லீவுக்கு வா.

அப்பா

*

பள்ளி விடுதி, நாமக்கல்
07.12.2025

அன்பு,

உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டாயிற்று.

அப்பா எழுதியது வந்தது. எனக்கு நல்லது நடக்க என்னுடையதைக் கொடுத்திருக்கிறார், என்னைக் கேட்காமல். அவர் அப்படித்தான். அவர் மனசில் நல்லதும் என்னைக் கேட்பதும் ஒன்றாக வந்ததே இல்லை. அவராவது எனக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். நீ சொன்னாய். கணீர் கணீர் என்று சொன்னாய்.

யோசித்துப் பார்த்தேன். கோயிலில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. மோசஸ் அண்ணன் கையில்தான் மைக். ஏஞ்சல் கேக் பக்குவம் எழுதுகிறாள். நான் மட்டும் இங்கே பெட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, இல்லாத ஒன்றுக்காகக் கையைப் பழக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்காதது சித்தி செய்ததுதான். எடுப்பதாகச் சொல்லிவிட்டு ஏன் கையை இறக்கினார்? நான் அவருக்கு அவ்வளவுதானா? வேறு யார் செய்திருந்தாலும் இப்படி இருக்காது.

லீவில் இங்கேயே தங்கிப் படிக்கிறவர்களுக்குச் சிறப்பு வகுப்பு உண்டு. பெயர் கொடுத்துவிட்டேன். கிறிஸ்மஸுக்கு வரவில்லை. துண்டையும் மடித்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
12.12.2025

அக்கா,

நான் சுகமாக இல்லை. நீயும் இருக்கமாட்டாய். அதனால் அந்த வரியைத் தாண்டிவிடுவோம்.

உன் கடிதத்தை அம்மா வாங்கிப் படித்தாள். "ஏன் கையை இறக்கினார்" என்ற இடத்துக்கு வந்ததும் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கும் எழுதமாட்டாள். நீ அவளை வெறுத்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அதுதான் எனக்குப் பேஜாராக இருக்கிறது. ஆகவே நானே என்னைக் காட்டிக்கொடுக்கிறேன். வார்டன் மேடமும் படிக்கட்டும்.

பண்டிகையன்று காலையில் பெரியப்பா வந்து, "அன்பு, அத்த எடுத்துகினு வா, கோயில்ல வேணும்" என்றார். வாசிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எண்ணெய் தடவித் தலைவாரி, தோளில் சுமந்துகொண்டு போனேன். உன் ஜெம்பேயை ஏலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் அதை வைத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அம்மா என் காதில், "வாயத் தொறக்காத. நாம எடுத்துக்கலாம், எவன் இதுக்குக் கேக்கப்போறான்?" என்றாள்.

அவள் சொன்னது சரி. மோசஸ் அண்ணன் கூவியபோது ஒருவரும் கேட்கவில்லை. அம்மா கையைத் தூக்கினாள். ஒரு தரம் என்றார். அதோடு முடிந்திருக்கும்.

அப்புறம் அவர் சும்மா இருக்காமல், "இது இன்னான்னே யாருக்கும் தெரியல போலக்குதே. எப்டி சத்தம் வரும்னு ஆராச்சும் காட்டுங்கப்பா. அன்பு! எங்கடா கீற?" என்றார்.

ஓடினேன், அக்கா. யோசிக்கவே இல்லை. அம்மாதான் எடுக்கப்போகிறாள், நாலு பேர் கேட்டு நம் பொருளுக்கு மதிப்பு ஏறினால் நமக்குப் பெருமைதானே என்று ஒரு நினைப்பு. நிஜத்தைச் சொன்னால் அதுகூட இல்லை. மைக் இருந்தது, ஜனம் இருந்தது. வாசித்தேன். சாய்த்து வைக்கக்கூட இல்லை. முதல் வரிசையில் சுப்பிரமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்து, நிறுத்து என்று. ரசிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தேன். அவர் கையைத் தூக்கினார். அம்மா தூக்கினாள். அவர் தூக்கினார். அம்மா மறுபடியும் தூக்கினாள், அக்கா. அவ்வளவு காசுக்கு எங்கே போவது என்று அப்பா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் என்னைப் பார்த்தாள். பிறகுதான் கையை இறக்கினாள். இறக்கவில்லை, அது விழுந்தது.

போன வாரம் எளாவூருக்கு சைக்கிளில் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். மேலே மணி பிளான்ட் தொட்டி. தண்ணீர் வழிந்து தோலில் பழுப்பாக வட்டம் விழுந்திருக்கிறது. தொட்டியையாவது இறக்கி வையுங்கள் என்றேன். "இன்னா நைனா, ஷோவுக்குத்தானே வாங்கினு வந்தேன்? வேற எங்க வைப்பேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். வடை கொடுத்தார். சாப்பிட்டேன். அதற்கும் சேர்த்துத் திட்டு.

செப்டம்பரிலிருந்து நான் வாசிப்பது பெயின்ட் வாளி. கவிழ்த்துப்போட்டு அடிக்கிறேன். பிளாஸ்டிக்குக்கு மழையும் தெரியாது, சாய்க்கவும் வேண்டாம். அதைத்தான் கணீர் என்று எழுதினேன். பெரியப்பா என்னைச் சும்மா இருக்கத்தான் சொன்னார், கணீர் என்று எழுதச் சொல்லவில்லை. நீ என்னைத் தம்பி என்று ஒத்துக்கொண்ட கடிதத்துக்கு உண்மையைப் பதிலாக எழுத எனக்குக் கை வரவில்லை.

அம்மாவின்மேல் கோபம் வேண்டாம். வகுப்பில் பெயரை அடித்துவிட்டு வா. இங்கே ஜெம்பே இல்லை, பவனிப் பாட்டும் உனக்கு இல்லை, அதை மறைக்கவில்லை. அம்மா இருக்கிறாள். திட்டுவதற்கு நான் இருக்கிறேன், வலது கன்னமோ இடது கன்னமோ, நீயே பார்த்து ஆரம்பி.

இன்னொன்றும் பாக்கி. சபையே எழுந்து எனக்குக் கை தட்டியது என்று எழுதியிருந்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் முடித்தபோது யாரும் தட்டவும் இல்லை. மோசஸ் அண்ணன் மூன்றாம் தரம் சொன்ன பிறகுதான் தட்டினார்கள். அது எனக்கில்லை, அக்கா. ஏலம் முடிந்ததற்கு.

இப்படிக்கு,
இன்றுவரை ஒரு ஸ்லாப்கூட ஒழுங்காக விழாத
அன்பு